தோலைத் தாண்டாத பல்

ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் போடும்போது ஊசி துணியில் ஒரே ஓர் இழையைத்தான் எடுக்க வேண்டும். கூடுதலாக எடுத்தால் வெளிப்பக்கம் புள்ளி தெரியும். எடுக்காமல் விட்டால் மடிப்பு நிற்காது. இந்தக் கணக்கு என் கைக்கு வரச் சில வருஷங்கள் பிடித்தன. எங்கள் வீட்டுப் பூனைக்கு அது வாயில் இருக்கிறது.

காலையில் நான் தரையில் பலகையைப் போட்டு, துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். பூனை வந்து துணியின் மேலேயே உட்காரும். எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் துணிதான் அதற்கு வேண்டும். என் இடது கை துணியை அழுத்திப் பிடித்திருக்கும். அந்தக் கையில், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதையை அது மெதுவாக வாயில் எடுத்துக்கொள்ளும். மேலே இரண்டு கூர்ப்பல், கீழே இரண்டு. நான்கும் தோலில் பதிவது எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நெல்முனை அளவு அழுத்தினால் ரத்தம் வந்துவிடும். அந்த இடத்தில் நிறுத்தி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அப்படியே இருக்கும். பிறகு விட்டுவிடும். நான் அடுத்த கோட்டைப் போட்டு முடிப்பதற்குள் கையில் இருந்த பள்ளங்கள் மறைந்துவிடும்.

அது ஏன் அப்படிச் செய்கிறது என்று வெகுநாள் நான் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய கட்டாயம் என் மகள் பிரசவத்துக்கு வந்தபோதுதான் வந்தது.

மந்தைவெளியில் மாடியில் இரண்டு அறை வீடு எங்களுடையது. முன்னறைதான் எனக்குக் கடை. முன்பு தி.நகரில் ஒரு தையல் கடையில் இருந்தேன். அதை மூடிய பிறகு வீட்டிலேயே தைக்கிறேன். எனக்குப் பேச்சு வராது. பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறவன் டேப்பை எடுத்து அளக்கக் கூச்சப்பட்டால் தொழில் எப்படி நடக்கும் என்று கேட்பார்கள். நடக்கிறது. வருகிறவர்களிடம் தரையைப் பார்த்தபடி, "அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுங்க" என்பேன். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்று கையில் வந்துவிட்டால் போதும். எங்கே இழுத்திருக்கிறது, எங்கே தளர்ந்திருக்கிறது, எந்தக் கொக்கி தெறித்துத் தெறித்துத் திரும்ப வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். தொடாமல், கேட்காமல், பார்த்தே தெரிந்துகொள்வது என் பழக்கம். அதைத் தவிர வேறு கெட்டிக்காரத்தனம் எனக்கு இல்லை.

பூனை வந்தது என் மனைவி இறந்துபோன பிறகு, மகள் கல்யாணமாகி அடையாறுக்குப் போன பிறகு. பக்கத்தில் இருந்த பழைய வீட்டை அடுக்குமாடி கட்டுவதற்காக இடித்தார்கள். புழுதியும் சத்தமுமாக இருந்த ஒரு மதியம், சன்ஷேட் வழியாக நடந்து வந்து என் ஜன்னலில் உட்கார்ந்தது. சாம்பல் நிறம், கறுப்புப் பட்டை. இடது காதின் நுனி வெட்டப்பட்டிருந்தது. குட்டி போடாமல் இருக்க ஆபரேஷன் செய்துவிட்டதற்கு அதுதான் அடையாளம் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னார்.

முதல் தடவை அது என் கையைக் கவ்வியபோது பயந்து வெடுக்கென்று இழுத்தேன். இழுத்ததால்தான் கீறல் விழுந்தது. சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய் எனக்கு ஊசி போட்டுக்கொண்டேன். அதையும் ஒரு கூடையில் வைத்து மிருக டாக்டரிடம் தூக்கிப்போய் ஊசி போட்டேன். கேட்க வெட்கப்பட்டுக் கேட்காமலே கிளம்பி, வாசல்வரை வந்து திரும்பி, "இது ஏன் சார் கடிக்குது?" என்று கேட்டேன்.

"நீங்க இழுக்கலன்னா ரத்தம் வருமா?"

"வராதுனுதான் தோணுது சார். சும்மா வாயில வச்சுகினு இருந்துச்சு."

"அப்ப அது கடி இல்ல, பேச்சு. என்ன பேசுதுன்னு வீட்ல இருக்கிற நீங்கதான் பாக்கணும். இங்க வந்தா எந்தப் பூனையும் எங்கிட்ட அவ்ளோ மரியாதையா பேசாது" என்று சட்டைக் கையை மடித்துத் தன் கையிலிருந்த கீறல்களைக் காட்டினார்.

அதன் பிறகு அது கவ்வினால் நான் கையை இழுப்பதில்லை; ஆனால் என்ன பேசுகிறது என்று பார்க்கவும் இல்லை. அசையாமல் வைத்துக்கொள்வேன். இன்னொரு உயிர் என் கையைத் தொடுவது எனக்கு அபூர்வமாகிவிட்டிருந்தது. அதனால் அது தொந்தரவாகத் தோன்றவில்லை.

மகளுக்கு அடையாறில் அவள் மாமியார் வீட்டில்தான் வளைகாப்பு நடந்தது. முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். சம்பந்தியம்மா நல்ல மாதிரி. அவர்கள் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. "அங்க அம்மா இல்லையே, பூனை வேற இருக்காமே, இங்கயே இருந்துடட்டுமே" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. மகள்தான், "நான் எங்கப்பா வீட்டுக்குத்தான் போவேன்" என்று நின்றாள்.

அவள் வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளறையில் கிடந்த துணி மூட்டைகளையெல்லாம் பரணில் ஏற்றி, சுவருக்குப் பெயிண்ட் அடித்து, கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டேன். நான் சொன்னது அவ்வளவுதான். துணைக்கு ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து என் அக்கா வந்து இறங்கினாள். எனக்கு வராத பேச்சையும் சேர்த்து அவள் பேசுவாள்.

மகள் இரண்டு கையிலும் முழங்கைக்கு அருகில்வரை கண்ணாடி வளையல்களோடு வந்தாள். பச்சை, சிவப்பு, நடுநடுவே மஞ்சள். பிரசவம் ஆகும்வரை அவற்றைக் கழற்றக் கூடாது. வயிற்றில் இருக்கும் குழந்தை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பார்கள். அவள் தண்ணீர் எடுத்துக் குடித்தாலே வீட்டில் கலகலவென்று கேட்டது. எனக்குத் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும்போல இருந்தது.

வந்த மறுநாளே அது நடந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் பக்கத்தில் பூனை போய்ப் படுத்தது. அவளுக்கு அதைப் பிடிக்கும். முன்பு வந்தபோதெல்லாம் தடவிக் கொடுத்திருக்கிறாள். அன்றும் தலையிலிருந்து வால்வரை தடவினாள். பேசிக்கொண்டே தடவினாள். திடீரென்று பூனை திரும்பி அவள் மணிக்கட்டைக் கவ்வியது. அவள் கத்திவிட்டாள்.

அடுப்படியிலிருந்து அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். "அய்யய்யோ! கடிச்சிடுச்சா? புள்ளத்தாச்சிய கடிச்சிடுச்சேடா!"

"ரத்தம் வரல அத்த. சும்மா..."

"சும்மா கடிக்க இது இன்னா வெத்தலையா?" என்று என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாடா வேடிக்க பாத்துகினு கீற? அந்த மகாராணிய வெளிய தொரத்து!"

மகாராணி அதற்குள் மெஷினுக்குக் கீழே போய் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.

பசிதான் காரணம் என்று அக்கா முதலில் தீர்மானித்தாள். ஒரு கிண்ணம் நிறையப் பால் வைத்தாள். பூனைக்குப் பால் ஆகவில்லை. வயிற்றுப்போக்கு வந்து அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. அது மலம் கழிக்கும் மண்தட்டைக் கர்ப்பிணி தொடவே கூடாது, பூனையைத் தொட்டால் கையைக் கழுவ வேண்டும் என்று மகளுடைய டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் அதெல்லாம் எப்போதுமே என் பொறுப்பு. பால் பலிக்காமல் போனதும் அக்கா வேறு காரணம் கண்டுபிடித்தாள்.

"பொறாமடா. அதுக்கு ஆபரேஷன் பண்ணி உட்டுட்டானுங்க இல்ல? காதப் பாரு. இவ வயித்தப் பாத்து அதுக்கு வயித்தெரிச்சல்."

"போ அத்த" என்று மகள் சிரித்தாள். ஆனால் இரண்டு நாள் கழித்து அது மறுபடியும் அவள் மணிக்கட்டைக் கவ்வியபோது அவள் சிரிக்கவில்லை. டாக்டரிடம் காட்டினோம். தோல் கிழியவில்லை, பூனைக்கும் ஊசி போட்டிருக்கிறது, பயமில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மகள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டு, "என்னப் புடிக்கலையாப்பா அதுக்கு?" என்று கேட்டாள்.

சாதாரண நாளில் இது ஒரு கேள்வியே இல்லை. ஆனால் அம்மா இல்லாத வீட்டுக்கு, எல்லோரும் வேண்டாம் என்றபோது, அடம்பிடித்து வந்தவள் அவள். அந்த வீட்டில் இருக்கிற ஒன்று தன்னை வேண்டாம் என்கிறதோ என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தார். மரியாதையான பையன். "தப்பா நெனைக்காதீங்க மாமா. ஈசிஆர் பக்கம் என் ஃப்ரெண்டுக்குத் தோட்டம் இருக்கு. ஞாயித்துக்கிழம கூடையோட வரேன், பூனைய அங்க விட்டுடலாம். உங்களுக்கு மனசு வரலன்னா பரவால்ல, அவளக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"சரி மாப்பிள்ள" என்றேன். நான் எதற்கும் சரி என்பவன்.

மகளா பூனையா என்று யாராவது கேட்டால் அதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் பூனையைக் கூடையில் போட்டு அனுப்பிவிட்டாலும் மகள் கேட்ட கேள்வி உள்ளறையில் அப்படியே இருக்கும். அதுதான் என்னை உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அது ஏன் கடிக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அளவு ஜாக்கெட்டைப் பார்க்கிற மாதிரி பூனையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பார்க்கப் பார்க்க, இத்தனை நாள் ஒன்றையுமே பார்க்கவில்லை என்று தெரிந்தது. அது என்னைக் கவ்வுவதெல்லாம் ஒரே கவ்வல் இல்லை. காலையில் தட்டு காலியாக இருந்தால் என் கால் பெருவிரலை ஒரு தடவை அழுத்திவிட்டு அடுப்படிப் பக்கம் நடந்து திரும்பிப் பார்க்கும். டேப்பை ஆட்டினால் கண் முழுக்கக் கறுப்பாகி, பின்பக்கம் நெளிய, பாய்ந்து விரலைப் பிடித்துப் பின்னங்காலால் உதைக்கும். இதை விளையாட்டு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துணிமேல் படுத்துக்கொண்டு என் கையை முதலில் நக்கி, நக்கிக்கொண்டே கவ்வி, மறுபடி நக்குவது இன்னொன்று. அப்போது முன்னங்கால்கள் இரண்டும் துணியை மாவு பிசைகிற மாதிரி பிசையும்.

தி.நகர்க் கடையின் பின்பக்கம் வெட்டுத்துண்டு மூட்டைகளுக்கு நடுவே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பெருச்சாளியைக் கழுத்தில் ஒரே கடியில் முடித்துப் போட்டதைக் கண்ணால் பார்த்தேன். மழை வந்தபோது அதே வாயால், அதே பல்லால், கண் திறக்காத குட்டியைக் கழுத்தில் கவ்வித் தகரக்கூரை மேல் தூக்கிப்போனது. குட்டி கத்தவில்லை, காலை மடக்கிக்கொண்டு தொங்கியது. குட்டிகள் வளர்ந்து ஒன்றோடொன்று கட்டிப் புரளும்போது, ஒன்று அழுத்திக் கடித்துவிட்டால் மற்றது கீச்சென்று கத்திவிட்டு ஆட்டத்தை விட்டே போய்விடும். கடித்தது தனியாக உட்கார்ந்து விழிக்கும். மறுபடி சேரும்போது அதன் கடி இளகியிருக்கும். அன்றைக்கு டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தேன். எந்த அழுத்தம்வரை போகலாம் என்று அங்கே பாடம் நடந்துகொண்டிருந்தது என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஊசியில் பழகியதை அவை பாலை மறக்கும் முன்பே பல்லில் பழகிவிடுகின்றன.

கத்தரி கைக்கு எட்டாதபோது நானும் நூலைப் பல்லால்தான் கடிக்கிறேன். பட்டில் பல் படாமல் நூல் மட்டும் அறுபடும். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது பல் எனக்கு மூன்றாவது கை. பூனைக்கோ பல்லை விட்டால் பிடிக்க, இழுக்க, தட்டிக் கூப்பிட வேறு எதுவும் இல்லை.

இவ்வளவும் புரிந்தது. ஆனால் மகளைக் கடித்தது இவற்றில் எதுவும் இல்லை. நக்கவும் இல்லை, பிசையவும் இல்லை. அவள் எப்படித் தடவினாளோ அப்படியே நானும் தடவிப் பார்த்தேன். தலையிலிருந்து வால்வரை, திரும்பத் திரும்ப. அது சுகமாகக் கழுத்தை நீட்டிக்கொடுத்தது. அவள் கையில் இருந்து என் கையில் இல்லாதது என்ன என்று யோசித்தேன்.

சனிக்கிழமை மதியம் அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வளைகாப்புக்கு வந்த பெண்களுக்குக் கொடுத்ததுபோக மீந்த வளையல்கள் ஒரு டப்பாவில் அலமாரியில் இருந்தன. வாசல் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு டப்பாவைத் திறந்தேன். என் கை ஒல்லி. சோப்பு போடாமலே ஏறின. வலது கையில் முழுக்க ஏற்றிக்கொண்டு, பூனை பக்கத்தில் உட்கார்ந்து தடவினேன்.

கலகல.

பூனையின் காது இரண்டும் பின்னால் மடங்கின. மறுபடி தடவினேன். கலகல. முதுகுத் தோலில், மெஷின் பாதத்துக்கு அடியில் பட்டுத்துணி சுருங்குமே, அப்படி ஓர் அலை எழுந்து வால்வரை போனது. மூன்றாவது தடவை வால்நுனி தரையில் தட்டியது. கை அதன் காதுக்கு மேலே போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அத்தனை கண்ணாடியும் அதன் தலைக்கு மேலேயே மோதிக்கொள்கின்றன. வால் இப்போது வேகமாக அடித்தது. என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் நிறுத்தவில்லை. அதன் பிறகுதான் என் மணிக்கட்டைக் கவ்வியது. சரியாக வளையல் இருக்கும் இடத்தில், வளையலையும் சேர்த்து. ஒரு வளையல்கூட உடையவில்லை.

கையை அதன் வாயிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்குள் எலி நடப்பதைக் கேட்கிற காது அது. மெட்ரோ வேலைக்காகத் தெருக்கோடியில் துளை போடும் மெஷின் உறுமத் தொடங்கினால், எனக்குத் தரை அதிர்வது தெரிவதற்கு முன்பே எழுந்து உள்ளே போய்விடும். அந்தக் காதுக்குள் இரண்டு கை வளையலையும் கொட்டினால் எப்படி இருந்திருக்கும்? காதை மடக்கிச் சொன்னது, தோலை நடுக்கிச் சொன்னது, வாலை அடித்துச் சொன்னது. நாங்கள் யாரும் கேட்கவில்லை. கடைசியாக வாயைத் திறந்தபோதும், பெருச்சாளியை முடிக்கிற பல்லை வைத்துக்கொண்டு, தோலைத் தாண்டாமல், "போதும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறது. பிறக்காத குழந்தையின் காதுக்காக நாங்கள் போட்டுவிட்ட சத்தம், இன்னொரு காதிலும் போய் விழுந்துகொண்டிருந்தது.

அப்போது வாசல் கதவு திறந்தது. காய்ப் பையோடு அக்கா.

அவள் என்னைப் பார்த்தாள். வளையலைப் பார்த்தாள். பூனையைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"இன்னாடா கூத்து இது?"

"இல்லக்கா... சத்தம்..."

"ஆமா, சத்தம் கீழ் வூடுவரைக்கும் கேக்குது. பொண்ணுக்கு வளகாப்பு போட்டா அப்பனுக்கும் ஆச வந்திடுச்சா? எத்தினி மாசம்டா உனுக்கு?"

சத்தம் கேட்டு மகள் எழுந்து வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, என் கையைப் பார்த்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரிக்கவில்லை. கழற்றலாம் என்று பார்த்தால் ஏறின வளையல் இறங்க மாட்டேன் என்றது. அக்காதான் எண்ணெய் போட்டுக் கழற்றினாள். அதற்குள் எனக்கு வந்த வார்த்தைகளில் சொன்னேன். அக்கா நம்பவில்லை. மகள் தன் கையைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தாள்.

"ஆமாப்பா" என்றாள்.

வளையலைக் கழற்றக் கூடாது. பூனைக்குக் காதை அடைக்க முடியாது. மிச்சமிருப்பது தையல்தான். லைனிங்குக்கு வைத்திருந்த மெல்லிய பருத்தித் துணியை எடுத்தேன். இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்து, வளையல் மொத்தத்தையும் மூடுகிற மாதிரி கைக்கு ஓர் உறை. பூனை பக்கத்தில் இருக்கும்போது மட்டும் மாட்டிக்கொண்டால் போதும்.

"என்னப்பா இது, வளையலுக்கு ஜாக்கெட்டா?" என்றாள் மகள்.

இதற்கு அளவு ஜாக்கெட் கிடையாது. டேப்பை எடுத்து அவள் கையைப் பிடித்து அளக்க வேண்டியிருந்தது. ரோடு தாண்டும்போது பிடித்த கை. எப்போது விட்டேன் என்று நினைவில்லை. மணிக்கட்டு லேசாக வீங்கியிருந்தது. டேப்பை இறுக்காமல் சுற்றினேன். அவள் கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மூடி போட்ட நீலக் கூடையோடு வந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என்னால் ஆரம்பிக்க முடியவில்லை. அக்கா காப்பியைக் கொடுத்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டாள்.

"கேளுங்க மாப்ள. உங்க மாமனாரு நேத்து கை நெறைய வளையலு போட்டுகினு பூனைக்கு சீமந்தம் பண்ணிகினு இருந்தாரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் காப்பித் தம்ளரைப் பார்த்தேன்.

மகள், "பேசாம பாருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, உறைகளை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். பூனையைக் கூப்பிடவில்லை. கூப்பிடாதே, அது வரட்டும் என்று சொல்லியிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அது ஏறியது. உறையை முகர்ந்தது. அது என் துணிதான், என் வாசனைதான். தலையால் அவள் கையை முட்டியது. அவள் அதன் கன்னத்தைத் தடவிவிட்டு நிறுத்தினாள். முட்டியது. மறுபடி தடவினாள். சத்தம் இல்லை. அவள் தொடையை ஒட்டிப் படுத்துக்கொண்டு கையை நக்கத் தொடங்கியது. நான் மூச்சு விட்டேன்.

அப்போது வாயைத் திறந்து அவள் கையைக் கவ்வியது.

மாப்பிள்ளை எழுந்தேவிட்டார். ஹெல்மெட் தரையில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்தில் பூனை அழுத்திவிடுமோ என்று எனக்கு உயிரே போனது.

"உக்காருங்க மாப்பிள்ள! கைய இழுக்காதம்மா. வாலப் பாருங்க, வாலப் பாருங்க!"

அவ்வளவு உரக்க நான் பேசியதில்லை. அக்காவே வாயை மூடிக்கொண்டாள். எல்லோரும் வாலைப் பார்த்தோம். அது அவள் புடவைமேல் அசையாமல் கிடந்தது. ஹெல்மெட் பக்கம் ஒரு காது போய்த் திரும்பி வந்தது. மறுகாது அவள் பக்கமே இருந்தது. முன்னங்கால்கள் மெத்தையைப் பிசைந்துகொண்டிருந்தன. பல் அவள் கைமேல் இருந்தது. இருந்துகொண்டே இருந்தது. பிறகு, யாரும் எதுவும் செய்யாமலே, எடுத்துக்கொண்டது. எடுத்த இடத்தை இரண்டு தடவை நக்கியது.

"விட்டுடுச்சு" என்றாள் மகள், ரகசியம்போல. அவள் கண் நிறைந்திருந்தது. "எனக்கும் அப்படியே செய்யுதுப்பா. உனக்குச் செய்யிற மாதிரியே."

மாப்பிள்ளை குனிந்து செல்போன் வெளிச்சத்தில் அவள் கையைப் பார்த்தார். மங்கலான பள்ளங்கள் இருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை மறைந்தன.

"இது என்ன மாமா?"

"சொல்லத் தெரியல மாப்பிள்ள. அன்னிக்குக் கடிச்சது 'போதும்'னு சொல்லிச்சு. இது அது இல்ல."

"என் தம்பி பூன பாஷ படிச்சிட்டான்" என்றாள் அக்கா. "மனுசன் பாஷதான் இன்னும் வரல."

மாப்பிள்ளை செல்போனைச் சட்டைப் பையில் போட்டார். மகளைப் பார்த்தார். "நான் இங்கயே இருக்கேன். அதுவும் இருக்கட்டும்" என்றாள் அவள். "குழந்த வந்துட்டா உள்ரூமுக்கு வலைக்கதவு போட்டுடணும் மாமா. பாத்துக்க ஆள் இல்லாம ரெண்டையும் ஒண்ணா விடக் கூடாது" என்றார் மாப்பிள்ளை. அது நியாயம். போட்டுவிடலாம் என்றேன். கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவரை அக்கா நிறுத்தினாள். ஒரு வீட்டுக்கு வந்த கூடையை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது. பூனை போயிருக்க வேண்டிய இடத்தில் முருங்கைக்காயும் எலுமிச்சம்பழமும் போட்டு மூடினாள்.

அன்று மாலை மகள் உறையைக் கழற்றிவிட்டு, வயிற்றுக்குப் பக்கத்தில் கையை மெல்ல ஆட்டினாள். உள்ளே குழந்தை புரண்டது என்றாள். அதே நேரம், முன்னறையில் மெஷினுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்த பூனையின் காதுகள் கண் திறக்காமலே அவள் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். இருவருக்கும் நடுவே உட்கார்ந்து நான் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உள்ளறைக்கு வலைக்கதவு இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் பேத்தி. இந்தப் பக்கம் பூனை. அவள் அழுதால் அது வந்து வலையருகே உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்க்கும், நான் எழுந்து போகும்வரை.

எல்லாக் கடியும் எனக்குப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில் சில நாள், பசியும் இல்லாமல், விளையாட்டும் இல்லாமல், நக்கவும் செய்யாமல், அறையின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்து என் கையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கும். வால் அசையாது. காது எதையோ கேட்டுக்கொண்டிருக்கும். எனக்கு ஒன்றும் கேட்காது. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, அது விடும்வரை கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.